ஜனவரியில் லங்காவியிலிருந்து மேற்கே கிளம்பத் திட்டம்: வேலைப் பட்டியல் முடியவில்லை, மனைவியும் சம்மதிக்கவில்லை

பிஜே பாய்மரம்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வந்து படித்துவிட்டு மட்டும் போகிற ஆள் நான். முதல் முறையாகக் கேட்கிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 54, பெட்டாலிங் ஜெயா. தொழிற்சாலைப் பராமரிப்பில் 27 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் வெளியே வந்தேன். 2 வருடத்துக்கு முன்னால் லங்காவியில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். 37 அடி, 1994-இல் கட்டியது, ஃபைபர் உடல். வாங்கிய நாளிலிருந்து மரினா படகுத்துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. மாதத்தில் இரண்டு வார இறுதிகள் போய் வேலை பார்த்துவிட்டு வருவேன். இதுவரை அதிகபட்சமாக ஓட்டியது பினாங்கு வரைக்கும்தான்.

ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு கிளம்பி இலங்கை, மாலத்தீவு, அங்கிருந்து செங்கடல் வழியாக மத்தியதரைக் கடல் போகலாம் என்பது திட்டம். மூன்று நான்கு வருடம் ஆகட்டும், அவசரமில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில்.

சிக்கல் இரண்டு. முதலாவது, வேலைப் பட்டியல். எக்செல்லில் 143 வேலைகள் எழுதி வைத்திருக்கிறேன். 61 முடிந்தது. ஆனால் ஒன்றை முடித்தால் இரண்டு முளைக்கிறது. போன ஜனவரியும் இப்படியேதான் போனது. இரண்டாவது, மனைவி. பள்ளி ஆசிரியை, 51 வயது. பினாங்கு போனபோது வழி முழுக்க வாந்தி. 'நீங்கள் போங்கள், நான் விமானத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன்' என்கிறார். நான் தனியாகப் போகும் அளவுக்குத் தேர்ந்தவன் இல்லை.

நீண்ட பயணம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எந்த வேலையை முடித்தால் கிளம்பலாம்? அப்புறம் செலவு மாதம் எவ்வளவு ஆகும், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் போடலாமா, இதெல்லாமும்.

சும்மா ஒரு ஆள்:

படகை விற்றுவிட்டு இரண்டு பேருக்கும் க்ரூஸ் கப்பல் டிக்கெட் எடுங்கள். மனைவி சம்மதிப்பார், பட்டியலும் முடிந்துவிடும்.

தூத்துக்குடி மாலுமி:

சார், நான் வணிகக் கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. பாய்மரப் படகு ஓட்டியதில்லை. ஆனால் ராத்திரி 12 முதல் 4 வரை பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்கிறவன் என்ற முறையில் எதிர்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் படகு எங்களுக்குத் தெரியாது. ஃபைபர் உடலை ரேடார் சரியாகப் பிடிக்காது. இரண்டு மீட்டர் அலை இருந்தால் அலையோடு அலையாகத் திரையில் கலந்துவிடுவீர்கள். ஏஐஎஸ் கருவி (படகின் பெயர், இடம், வேகத்தை ரேடியோவில் ஒலிபரப்பித் திரையில் காட்டுவது) வாங்கும்போது மற்றவர்களைக் காட்டுவது மட்டும் போதாது, உங்களையும் ஒலிபரப்புகிற மாதிரி வாங்குங்கள். சிறு படகுகளுக்கான கிளாஸ் பி-யில் 2 வாட், 5 வாட் என்று இரண்டு உண்டு. 5 வாட் எடுங்கள். அதை நம்பியும் தூங்கிவிடாதீர்கள். நெரிசலான இடத்தில் கிளாஸ் பி படகுகளைத் திரையில் மறைத்து வைக்கிற ஆட்களும் எங்களில் உண்டு. கண்டெய்னர் கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வரும். அதன் விளக்கு உங்கள் கண்ணுக்கு 7 மைலில் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், நேருக்கு நேர் வந்தால் உங்களிடம் இருப்பது கால் மணி நேரம், கூட ஒன்றிரண்டு நிமிடம்.

ரேடியோவில் 'ஷிப், ஷிப்' என்று கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டோம். ஏஐஎஸ்ஸில் பெயரைப் பார்த்து, சேனல் 16-இல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரைக் கேட்டதும் கை தானாக ரிசீவருக்குப் போகும்.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு ஒரு தகவல். நம் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும், இரண்டே பெண்கள், இந்தியக் கடற்படையின் தாரிணி படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி உலகத்தைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பி வந்தார்கள். அந்த வீடியோக்களைக் காட்டுங்கள், தைரியம் வரும்.

பினாங்கு அக்கா:

தம்பி, எனக்கு 63, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கேள்வியில் வழி முழுக்க வாந்தி எடுத்த ஓர் அம்மா வருகிறாரே, 2015-இல் அது நான்.

30 வருடம் தாதியாக இருந்தேன். படகு இவருடைய ஆசை. 2017 ஜனவரியில் லங்காவியை விட்டோம், 38 அடிப் படகு. இலங்கையில் காலி துறைமுகம், மாலத்தீவின் வடக்கு முனையில் உலிகன், தெற்கு முனையில் கான், அப்புறம் ரோட்ரிக்ஸ், மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகள், தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே, கடைசியாகக் கேப் டவுன். அங்கே இவருக்கு முழங்கால் போய்விட்டது. படகை விற்றுவிட்டு விமானம் ஏறி வந்தோம். ஆகவே உலகம் சுற்றியவர்கள் என்று எங்களை நினைத்துவிடாதீர்கள்.

மாலுமித் தம்பி சொன்ன ரேடியோ விஷயம் தங்கம். ஆனால் அந்தக் கடற்படைப் பெண்களைக் காட்டித் தைரியம் வரவழைக்கிற யோசனை வேண்டாம். இவரும் எனக்கு இப்படித்தான் விதவிதமாக வீடியோ காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த அதிகாரிகள். நான் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து மீன் குழம்பு வைக்கிறவள்.

என் பயம் என்ன என்று இவர் இரண்டு வருடம் கேட்கவே இல்லை. அலை, புயல், சுறா என்று அவராகவே நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார். எனக்கு இருந்தது ஒரே பயம்: நடு ராத்திரி இந்த மனுஷர் தண்ணீரில் விழுந்துவிட்டால், பாயை எப்படி இறக்குவது என்றுகூடத் தெரியாமல் நான் படகோடு போய்க்கொண்டே இருப்பேனே!

ஒருநாள் இதைச் சொல்லி அழுதேன். மறுநாள் பசாரில் இருந்து ஒரு தேங்காய் வாங்கி வந்தார். டாயாங் புந்திங் தீவுக்குப் பக்கத்தில் போகும்போது அதைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். 'நான் விழுந்துவிட்டேன். எடு.' அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை. தேங்காய் தண்ணீரில் மிதந்தால் மனிதத் தலை மாதிரியேதான் தெரியும், தம்பி. பழுப்பாக, கொஞ்சம் குடுமியோடு, ஒவ்வொரு அலைக்கும் மறைந்து மறைந்து. கண்ணை எடுத்த ஒரு நொடியில் தொலைந்துவிட்டது. தேடிக் கண்டுபிடித்து, இன்ஜின் போட்டு, பாயை இறக்கி, திருப்பிக் கொண்டுவந்து, கொக்கியால் இழுத்து எடுக்க 22 நிமிடம். என் கை கால் எல்லாம் உதறியது. ஏறக்குறைய ஒரு மாதம் அதே வேலை, பத்துப் பன்னிரண்டு தேங்காய். கடைசியில் 6 நிமிடத்துக்கு வந்தேன். (எடுத்த தேங்காயை எல்லாம் துருவிச் சட்னி அரைத்தோம். தொலைந்தவை மூன்று.) அதற்கு அப்புறம் நங்கூரம் போடுவது, பாயைக் குறுக்குவது, ரேடியோவில் அபாயச் செய்தி சொல்வது, எல்லாமே அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க நானே செய்ய வேண்டும் என்று ஆனது. நான் தனியாகவே படகைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று தெரிந்த அன்றுதான் சரி என்றேன். உங்கள் மனைவியிடம் முதலில் போய்க் கேளுங்கள், என்ன பயம் என்று. பதிலை நீங்களே தயார் செய்துகொண்டு போகாதீர்கள்.

வாந்திக்கு: கிளம்பிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. முதல் நாள் இரவே ஆரம்பிக்க வேண்டும். சின்னரிசின் எனக்குச் சரிப்பட்டது, தூக்கம் கொஞ்சம் வரும். உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கரையிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சமையல் கிடையாது, கிளம்பும் முன்பே ஆக்கி வைத்துவிட வேண்டும். கீழே அறைக்குள் போகாமல் வெளியே அடிவானத்தைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். எனக்கு மூன்றாம் நாள் காலையில் பசித்தது. பினாங்கு போன மாதிரி ஒருநாள் பயணமாகவே போய் வந்துகொண்டிருந்தால் அந்த மூன்றாம் நாள் வரவே வராது. அவருக்குக் கடல் என்றால் வாந்தி என்று மட்டும்தான் மனதில் பதியும்.

இப்போது உங்கள் 143. கரையிலிருந்து படகுக்கு வருகிற மின்சார வயரையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றிவிட்டு, மரினாவை விட்டு வெளியே வந்து, கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே நங்கூரம் போட்டு ஒரு மாதம் குடியிருங்கள். வார இறுதிக்கு மட்டும் போய் வந்தால் போதாது. மரினாவில் கட்டிய படகு வார்டில் படுத்திருக்கிற நோயாளி மாதிரி. ஒரு பக்கம் டிரிப் ஏறிக்கொண்டே இருக்கும், அவர் தானாக எழுந்து நடப்பாரா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் படகில் மூன்றாவது இரவு விடிகாலை 4 மணிக்கு பேட்டரி செத்தது. ஃபிரிட்ஜ் தின்றுவிட்டது. ஒரு வாரத்தில் நங்கூரச் சங்கிலி இழுக்கிற மோட்டார் போனது. ராத்திரி அமைதியில் படுத்திருக்கும்போது தண்ணீர் பம்ப் தானாக இரண்டு நொடி ஓடி நிற்பது கேட்டது. எங்கேயோ கசிவு. மரினாவில் குழாய்த் தண்ணீர் அழுத்தத்தில் வந்துகொண்டிருந்ததால் அந்தப் பம்ப் ஓடவே வேலையில்லாமல் இருந்திருக்கிறது. இவர் பட்டியலில் இந்த மூன்றுமே இல்லை. பட்டியலில் இருந்தது மெத்தை உறை மாற்றுவதும் மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதும்.

அந்த மாதத்துக்குப் பிறகு இவர் பட்டியலை நான் வாங்கிக்கொண்டேன். நம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்போமே, அதையே செய்தேன். தண்ணீர் உள்ளே வரும், பாய்மரம் விழும், ஆள் விழுவார், தீப்பிடிக்கும்: இது சிவப்பு. மற்றதெல்லாம் காத்திருக்கலாம். உங்களுடைய 143-இலும் சிவப்பு ஒரு இருபதுக்கு மேல் போகாது, பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எத்தனை வருடம் ஆனவை? 1994-இல் போட்டதே இருந்தால் ஒரு இழைகூட அறுந்து தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். கம்பி முனை உலோகக் குழலுக்குள் நுழைகிற இடத்தில்தான், கண்ணுக்குத் தெரியாமல், அரிக்கும். படகின் அடியில் துளை போட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து பார்த்து, பக்கத்திலேயே ஒரு மரக்கட்டை ஆப்பைக் கயிற்றில் கட்டி வையுங்கள். கேஸ் குழாய், சுக்கான், ஆளைப் படகோடு கட்டும் ஹார்னஸ், உயிர்காக்கும் மிதவையான லைஃப் ராஃப்ட், ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் எபர்ப். ஆட்டோபைலட்டையும் சிவப்பில் சேருங்கள். சொகுசு என்று பலர் நினைப்பார்கள். இரண்டே பேர் பத்து நாள் மாறி மாறிக் கையால் பிடித்து ஓட்டினால் ஐந்தாம் நாள் இரண்டு பேரும் நோயாளிகள்.

சிவப்பில் நாங்கள் விட்டது ஒன்று. டீசல் தொட்டி. வாங்குவதற்கு முன்பு சுத்தம் செய்ததற்கு ரசீதே இருந்தது, அதனால் திறந்து பார்க்கவில்லை.

லங்காவியிலிருந்து காலி ஏறத்தாழ 1,200 கடல் மைல். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, நிக்கோபாருக்குத் தெற்காக நுழைந்து, நேர் மேற்கு. காற்று பின்னாலிருந்து, நீரோட்டமும் மேற்கே இழுக்கும், நாளுக்கு 120, 130 மைல் வந்தது. எட்டு நாள் ராஜ வாழ்க்கை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் இலங்கைக்குத் தெற்கே வந்ததும் தீவு மறைத்துக்கொண்டதால் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. வங்காள விரிகுடா, மலாக்கா, கொழும்பு என்று எல்லாக் கப்பலும் திரும்புகிற முனை அது, ஏஐஎஸ் திரை எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. சரி, இன்ஜினைப் போடு என்றார். 20 நிமிடம் ஓடியது. இருமியது. நின்றது.

மூன்று நான்கு வருடம் அசையாமல் கிடந்த தொட்டியின் அடியில் தங்கியிருந்த சகதியை எட்டு நாள் அலை நன்றாகக் கலக்கிவிட்டிருக்கிறது. வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்ளே கறுப்பாக, திருநெல்வேலி அல்வா பதத்தில், விரலில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அதில் நுண்ணுயிர் வளரும், அந்தச் சளிதான் அது. உதிரி வடிகட்டி இரண்டே இரண்டு இருந்தது. முதலாவது அரை மணி நேரம் தாங்கியது. இரண்டாவது அதைவிடக் குறைவு.

இவர் கீழே தலைகீழாகப் படுத்திருக்க, நான் மேலே. ஒரு கப்பல் நேராக எங்களைப் பார்த்து வருகிறது. மிக அருகில் கடக்கும் தூரம் 0.2 மைல் என்று திரை காட்டியது. பெயரைப் படித்து, சேனல் 16-இல் கூப்பிட்டு, இன்ஜின் இல்லை, காற்றில்லை, என்னால் நகர முடியாது என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வார்டில் டாக்டரைக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. அந்தப் பக்கம் ஒரு வடநாட்டுக் குரல், 'ஓகே மேடம், ஐ வில் பாஸ் ஆன் யுவர் ஸ்டர்ன்' (உங்கள் படகின் பின்பக்கமாகக் கடந்து போகிறேன்) என்றது. அந்த மேடம் என்ற சொல் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

கடைசியில் வழி கிடைத்தது ஜெர்ரி கேனில். மேல்தளத்தில் 20 லிட்டர் கேனில் வைத்திருந்த டீசல் சுத்தமாக இருந்தது. அதை இன்ஜினைவிட உயரத்தில் கட்டி, ஒரு குழாயைத் தொட்டிக்குப் பதிலாக அதிலிருந்து நேராக இன்ஜினுக்கு விட்டார். டிரிப் பாட்டில் மாதிரிதான். இன்ஜின் தின்றது போக மிச்ச டீசல் திரும்பி வருகிற குழாய் ஒன்று உண்டு, அதையும் கேனுக்குள்ளேயே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேன் காலியாகிச் சகதித் தொட்டி நிரம்பும். முதல் தடவை அதை மறந்தோம். அப்படியே காலி துறைமுகம் வரை போனோம். தம்பி, இன்றைக்கே போய் உங்கள் தொட்டியைத் திறந்து, அடியில் கை விட்டுத் துழாவிப் பாருங்கள். யார் ரசீது கொடுத்திருந்தாலும் சரி. உதிரி வடிகட்டி ஒரு டஜன் வாங்குங்கள்.

வழி: செங்கடலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்பேன். 2023 நவம்பரில் ஏமன் பக்கத்திலிருந்து கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு பெரிய கப்பல்களே ஆப்பிரிக்காவைச் சுற்றின. காப்பீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் முகத்திலேயே பதில் இருக்கும். இரண்டு பேர் மட்டும் நெடுங்கடல் போவதற்கே மூன்றாவது ஆள் வேண்டும் என்று கேட்கிற காப்பீட்டாளர்கள் உண்டு, அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். நாங்கள் போன தெற்கு வழியில் போவதானால் நாள்காட்டியைக் காற்றுதான் எழுதும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அதனால் மே மாதம் வரை மாலத்தீவிலேயே மெதுவாகத் தெற்கே இறங்குங்கள். கானிலிருந்து ரோட்ரிக்ஸ் ஏறத்தாழ 1,300 மைல், தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், எங்களுக்கு அதுதான் மிகக் கஷ்டமான துண்டு. 11 நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வாழ்ந்தோம். தென்னாப்பிரிக்காவுக்கு அக்டோபர், நவம்பரில் போய்விட வேண்டும். அங்கே அகுல்லாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடும், அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று கிளம்பினால் அலை சுவராக எழும். நல்ல வானிலைக்காக ரீயூனியனில் நாங்கள் 16 நாள் காத்திருந்தோம். அவசரப்பட்டவர்கள் பாய் கிழிந்து வந்ததைப் பார்த்தோம்.

மொரிஷியஸில் போர்ட் லூயி சந்தையில் காய்கறி வாங்கிச் சில்லறைக்குக் காத்திருந்தபோது, கொடுத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து! அங்கே பணத்தில் தமிழ் இருக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆனாலும் படகில் இத்தனை மாதம் வந்து சேர்ந்து அதைக் கையில் பார்த்தபோது காய்க்காரரிடம் ஏதோ உளறினேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை, சிரித்தார்.

செலவு: எங்களுக்கு மாதம் சராசரி 7,000 ரிங்கிட், அதில் மூன்றில் ஒரு பங்கைப் படகே சாப்பிட்டது. வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். எங்கள் காலத்தில் ஸ்டார்லிங்க் இல்லை, 160 எழுத்துச் செய்திக் கருவிதான். மகளுக்குத் தினமும் 'நலம். 124 மைல். சாம்பார்' என்று அனுப்புவேன். ஒருநாள் சாம்பாரை விட்டுவிட்டேன், அவள் பதறிவிட்டாள். நீங்கள் எதைப் போட்டாலும், தினமும் பேசுவேன் என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்யாதீர்கள்.

பிஜே பாய்மரம்:

அக்கா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று இரவு மனைவியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தேங்காய் வந்த இடத்தில் சிரித்தார். அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி, 'உனக்கு என்ன பயம்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் பயம் உங்களுடையது இல்லை. அவருடைய அம்மாவுக்கு 79 வயது, சிரம்பானில் தனியாக இருக்கிறார். நடுக்கடலில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பத்து நாளைக்கு இறங்கவே முடியாதே என்றார். நான் இரண்டு வருடமாக வாந்தி மாத்திரை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

டீசல் தொட்டி: இன்னும் திறக்கவில்லை. சனிக்கிழமை போகிறேன். பட்டியலில் அது 118-ஆம் வேலை.

வல்வைக் கடலோடி:

நான் வல்வெட்டித்துறை, இப்போது டொரோண்டோ. எங்கட ஊரில் கட்டின 'அன்னபூரணி'யை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, 89 அடிப் பாய்க்கப்பல், எங்கட ஆட்களே ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஏஐஎஸ்ஸும் இல்லை, எக்செல்லும் இல்லை. சும்மா பெருமைக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

உங்களுக்கு உபயோகமானது இது. ஜனவரியில் வாடை நன்றாகப் பிடிக்கும். மாசி கடந்து பங்குனிக்கு இழுத்தால் காற்று விழுந்துவிடும், பிறகு டீசல்தான். வைகாசி முடிவில் சோழகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் அந்தப் பக்கத்தை நினைக்கவே வேண்டாம். காற்று நின்றது என்று அக்கா சொன்ன இடம் இலங்கையின் தென்முனை, தெய்வேந்திரமுனை. கப்பலுக்குப் பயந்து கரைப்பக்கம் ஒதுங்கினால் அங்கே வலை. பல நாள் மீன்பிடிப் படகுகள் இரவில் மைல் கணக்கில் வலை விட்டிருக்கும், விளக்கு ஒன்று மினுங்கும், சிலதில் அதுவும் இல்லை. பகலில் கிட்ட வந்து கத்தினால் பயப்பட வேண்டாம். வலை எங்கே என்று காட்டத்தான் வருவார்கள், அல்லது மீன் தந்து சிகரெட் கேட்பார்கள். கொஞ்சம் தமிழும் சிங்களமும் எடுபடும். காலியில் இறங்க ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும், கிளம்பும் முன்னமே பேசி விலையை எழுத்தில் வாங்குங்கள். லங்காவியில் துறைமுக அனுமதிச் சீட்டு எடுக்காமல் வந்தால் அடுத்த துறையில் கதையே வேறு.

பினாங்கு அக்கா:

தம்பி, உங்கள் மாமியார் விஷயத்துக்கு என்னிடம் தேங்காய் இல்லை. என் அம்மா நாங்கள் மாலத்தீவில் இருந்தபோது போனார். கானிலிருந்து மாலே, அங்கிருந்து கோலாலம்பூர், இரண்டாம் நாள் வந்து சேர்ந்தேன். முகம் பார்க்க முடிந்தது. அதுவே ரோட்ரிக்ஸ் வழியில் இருந்திருந்தால் முடிந்திருக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும், மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

நடுவில் ஒன்று செய்யலாம். முதல் வருடம் மேற்கே போகாதீர்கள். லங்காவியிலிருந்து தாய்லாந்துக் கரையோரம் ஃபூக்கெட் வரை, கீழே சுமத்ராவின் வடமுனைக்குப் பக்கத்தில் சபாங் வரை. எங்கே இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் சிரம்பான் வந்துவிடலாம். ராத்திரிப் பயணம், முறை போட்டுக் காவல், எல்லாம் அதிலேயே பழகும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருதரம் அடிக்கிற சமையலறைக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டுங்கள். மாலுமித் தம்பி சொன்ன அந்தக் கால் மணி நேரக் கணக்குக்கு அதுதான் மருந்து.

உங்கள் மனைவி இதைப் படிப்பார் என்றால்: அம்மா, அடுப்பில் நிற்கும்போது எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் பிளாஸ்டிக் ஏப்ரன் போட்டுக்கொள்ளுங்கள். படகில் நான் கட்டுப்போட்ட காயங்களில் பாதி கொதிநீர்தான். முட்டையைக் கழுவாததாகப் பார்த்து வாங்கி, எண்ணெய் தடவி, இரண்டு நாளைக்கு ஒருதரம் திருப்பி வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். முட்டைக்கோஸைக் கத்தி படாமல் வெளி இலையிலிருந்து உரித்து உரித்து எடுங்கள். அரிசியைக் கடல் நீரில் களைந்து, கடைசியாக ஒரு கை மட்டும் நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்து, அதைப் போல இரண்டு பங்கு ஏற்றிக்கொண்டு போங்கள். இட்லி மாவு வேண்டாம், வெயிலுக்கு ஒரே நாளில் பொங்கிப் படகின் அடித்தளமான பில்ஜ் வரை போனது. அவல், வடகம், கருவாடு, புளிக்காய்ச்சல்.

பிஜே பாய்மரம்:

சனிக்கிழமை தொட்டியைத் திறந்தேன். படம் போட வெட்கமாக இருக்கிறது. நான்கு விரல் ஆழத்துக்கு அல்வா.

ஃபூக்கெட், சபாங் யோசனையை மனைவியிடம் சொன்னேன். 'அம்மாவிடம் நானே பேசுகிறேன்' என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இன்று காலை அவர் உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்று: படகில் பிரஷர் குக்கர் வைக்கலாமா, ஆடி விழாதா?

பினாங்கு அக்கா:

வைக்கலாம். அடுப்பு படகோடு ஆடுகிற மாதிரி தொங்கவிட்டிருக்கும், அதில் பாத்திரத்தைப் பிடிக்க இரும்புக் கவ்வி இருக்கும், இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். 3 லிட்டர் குக்கர் போதும், மூடி பூட்டிக்கொள்வதால் விழுந்தாலும் கொட்டாது. கேஸ்கெட் மூன்று வாங்கி வையுங்கள். அந்த அளவு கேஸ்கெட் தேடி நான் ரிச்சர்ட்ஸ் பே முழுக்க அலைந்தேன்.